லொத்தரின் பாரம் எவர் தோளில்? மட்டக்குளிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்குளியின் மரண உதவிச் சங்கங்கள், சனசமூக நிலையங்கள், மகளிர் சிறுசேமிப்புக் குழுக்கள், கோயில்களையும் தேவாலயங்களையும் பள்ளிவாசல்களையும் சார்ந்து இயங்கும் சமூகசேவை அமைப்புகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு,

குடும்பச் செலவில் சிக்கனம் பற்றி இத்தகைய சங்கங்கள் பேசும்போது கசிப்பு, சிகரெட், குதிரைப் பந்தயப் புக்கி ஆகியவற்றோடு லொத்தர் சீட்டையும் ஒரே மூச்சில் சேர்த்துக் கண்டிப்பது வழமையாகிவிட்டது. அக்கண்டிப்பின் அடியில் ஓர் எடுகோள் இருக்கிறது: லொத்தர் வாங்குபவர் ஏழை, அவர் கணக்குத் தெரியாததால் வாங்குகிறார், கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் நிறுத்திவிடுவார் என்பதே அது. இந்த எடுகோளின் எப்பகுதி சரி, எப்பகுதி பிழை என்பதை, லொத்தர்ச் செலவு வருமானம், கல்வி, வயது, பால், மதம் ஆகிய பிரிவுகளுக்கிடையே எவ்வாறு வேறுபடுகிறது என்று ஆராய்ந்தோரின் முடிவுகளைத் துணைகொண்டு பரிசீலிப்பதும், அதன் பின்னர் சங்கத்தாரிடம் ஒரு வேலையை வேண்டுவதுமே இம்மடலின் நோக்கம்.

இலங்கையில் லொத்தர் என்பது தனியார் சூதாட்டம் அன்று. அது அரசின் தொழில். 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் தேசிய லொத்தர் சபை அமைந்தது. மகஜன சம்பத, கொவிசெத முதலிய சீட்டுகள் அச்சபையினுடையவை. ஜனாதிபதி நிதியத்துக்காக 1980களில் தொடங்கப்பட்ட அபிவிருத்தி லொத்தர், 1997ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தினால் அபிவிருத்தி லொத்தர் சபை என்ற தனி நிறுவனமாயிற்று. வாங்குபவர் தமது இராசியைப் பார்த்து எடுக்கும் லக்ன வாசனா அச்சபையின் சீட்டுகளுள் ஒன்று. முதலாவது சபையின் வருவாய் அரசின் பொதுக் கருவூலமாகிய திரட்டு நிதியத்துக்கும், இரண்டாவதன் வருவாய் ஜனாதிபதி நிதியத்துக்கும் மகாபொல புலமைப்பரிசில் நிதியத்துக்கும் செல்கின்றன. உலகின் அரச லொத்தர்களில் பொதுவாக விற்பனைப் பணத்தின் ஏறத்தாழப் பாதி மட்டுமே பரிசாகத் திரும்புகிறது. எஞ்சியதில் முகவர், விற்பனையாளர் தரகும் நிர்வாகச் செலவும் போக மிஞ்சுவது அரசைச் சேர்கிறது. ஆகவே சீட்டின் விலைக்குள் ஒரு வரி ஒளிந்திருக்கிறது என்று பொருளியலாளர் கருதுவது பொருத்தமானதே. எவரும் வற்புறுத்தாமல் தாமாக வாங்குவதால் அதனை வரி எனலாகாது என்போரும் உளர். ஆனால் சிகரெட்டையும் மனிதர் தாமாகவே வாங்குகின்றனர், அதன் விலையிலுள்ள வரியை வரி என்று சொல்ல எவரும் தயங்குவதில்லை.

ஒரு வரியின் பாரத்தை அளக்க இரு வழிகள் உண்டு. எவர் எத்தனை ரூபா கொடுத்தார் என்று பார்ப்பது ஒன்று. அந்த ரூபா அவருடைய வருமானத்தில் எத்தனை வீதம் என்று பார்ப்பது மற்றொன்று. வருமானம் கூடக்கூடச் செலுத்தும் வீதமும் கூடுமாயின் அது வளர்வீத வரி. வருமானம் குறைந்தவரிடமிருந்து கூடிய வீதத்தை எடுக்குமாயின் அது தேய்வுவீத வரி. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய வீட்டலகு வருமான, செலவின அளவீட்டின்படி, இலங்கைக் குடும்பங்களை வருமான வரிசையில் ஐந்து சம கூறுகளாகப் பிரித்தால், அடிக்கூற்றிலுள்ள குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 17,572 ரூபா. உச்சிக்கூற்றிலுள்ளதன் வருமானம் 196,289 ரூபா. அவ்வாண்டில் ஒரு சீட்டின் விலை 20 ரூபா. இரு குடும்பங்களும் நாளுக்கு ஒரு சீட்டு வீதம் மாதம் 600 ரூபா செலவிட்டதாக வைத்துக்கொண்டால், மேற்குடும்பத்தின் வருமானத்தில் அது 0.3 வீதம்; அடிக்குடும்பத்தின் வருமானத்தில் 3.4 வீதம். ஏழை கூடுதலாக வாங்கவேண்டிய தேவையே இல்லை. எல்லோரும் ஒரே அளவாக வாங்கினாலும் பாரம் பதினொரு மடங்கு வேறுபடுகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் மாநில லொத்தர்களை ஆராய்ந்த சார்ள்ஸ் குளொட்ஃபெல்டர், ஃபிலிப் குக் என்ற இரு பொருளியலாளர், 1989இல் வெளிவந்த தமது நூலில் கண்ட முடிவும் இதனை ஒட்டியதே. வெவ்வேறு வருமானப் பிரிவினர் லொத்தரில் செலவிடும் சராசரித் தொகை பெரிதாக வேறுபடவில்லை. அதனாலேயே அது கடுமையான தேய்வுவீத வரியாகிறது என்றனர். சங்கத்தாரின் எடுகோளில் முதல் திருத்தம் இங்கே தேவைப்படுகிறது. ஏழைகள் மட்டும் லொத்தர் வாங்குகின்றனர் என்பது பிழை. அரசாங்க உத்தியோகத்தர், ஆசிரியர், கடை முதலாளி எல்லோரும் வாங்குகின்றனர். அவர்களுடைய சீட்டு அவர்களுடைய அடுக்களையைத் தொடுவதில்லை என்பதே வேறுபாடு. குளொட்ஃபெல்டரும் குக்கும் வேறிருவரோடு சேர்ந்து 1999இல் அமெரிக்கத் தேசியச் சூதாட்ட ஆய்வு ஆணைக்குழுவுக்கு அளித்த அறிக்கை, இன்னொரு செய்தியையும் வெளிப்படுத்தியது: லொத்தர் வாங்குவோருள் ஆகக் கூடுதலாக வாங்கும் 5 வீதத்தினரே மொத்த விற்பனையின் பாதிக்குமேல் சுமக்கின்றனர். சராசரி என்ற எண் இவ்விடத்தில் ஏமாற்றக்கூடியது. வீடுகள் நெருங்கி அமைந்த குடியிருப்பாகிய வத்தை ஒன்றில் நாற்பது குடும்பங்கள் இருந்து, முப்பத்தெட்டு குடும்பங்கள் கிழமைக்கு ஒரு சீட்டோடு நின்றுகொள்ள, எஞ்சிய இரண்டு குடும்பங்களின் நாட்சம்பளம் சீட்டாகக் கரையுமாயின், அந்த இரண்டு குடும்பங்களின் நிலையைச் சராசரி சொல்லாது. ஊர் முழுவதற்குமான கண்டனப் பேச்சு முப்பத்தெட்டு பேரைத் தேவையில்லாமல் நோகடித்து, தேவைப்படும் இருவரைச் சென்றடையாமல் போவதும் இதனாலேயே.

அவ்வறிக்கையின்படி வருமானத்தைக் காட்டிலும் தெளிவாகச் செலவைப் பிரித்துக் காட்டியது கல்வி. பாடசாலைக் கல்வியை இடையில் விட்டவர்கள் பட்டதாரிகளைவிடப் பலமடங்கு கூடுதலாகச் செலவிட்டனர். ஆண்கள் பெண்களைவிடக் கூடுதலாகச் செலவிட்டனர். இளையோரும் முதியோரும் குறைவாகவும் நடுவயதினர் கூடுதலாகவும் வாங்கினர். கத்தோலிக்கர் புரட்டஸ்தாந்தரைவிடக் கூடுதலாக வாங்கினர் என்பதும் குளொட்ஃபெல்டர், குக் இருவரின் முந்திய ஆய்வுகளில் வெளிப்பட்டது. இவற்றை அப்படியே மட்டக்குளிக்குப் பெயர்த்து நடுவது முறையாகாது. தமிழரும் சிங்களவரும் சோனகரும் மலாயரும் ஒரே ஒழுங்கையில் வாழும் ஊரில், சூது விலக்கப்பட்டதென்ற மார்க்கக் கட்டளையைப் பின்பற்றும் முஸ்லிம் குடும்பங்களில் வாங்குவோர் குறைவாக இருப்பர் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் இனத்தையும் மதத்தையும் கொண்டு செலவைப் பிரித்துக் காட்டும் எந்தப் பட்டியலும், தொழிலையும் கல்வியையும் அருகில் வைத்துப் பார்க்காவிட்டால், அண்டை வீட்டாரைப் பற்றிய பழைய வம்பாகவே முடியும். கடற்றொழிலாளி கூடுதலாக வாங்குகிறார் என்றால், அவர் கத்தோலிக்கர் என்பதாலா, அவருடைய வருமானம் நாளுக்கு நாள் கடலோடு ஏறி இறங்குவதாலா என்பதைப் பிரித்தறியாமல் ஒரு முடிவுக்கு வருவது எவருக்கும் அழகன்று.

கணக்குத் தெரியாததால் வாங்குகிறார் என்ற, எடுகோளின் இரண்டாம் பகுதியைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும், ஏனெனில் சங்கங்களின் அறிவுரை முழுவதும் அதன்மீதே கட்டப்பட்டிருக்கிறது. கணக்கு உண்மையிலேயே கொடியது. மகஜன சம்பதவில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் பொருந்தவேண்டும். 26 எழுத்துகளையும் பத்து இலட்சம் எண்களையும் பெருக்கினால் 2 கோடி 60 இலட்சம் சேர்க்கைகள் வரும். ஒரு நாளும் தவறாமல் 50 ஆண்டுகள் நாளுக்கொன்றாக வாங்கும் ஒருவர் வாழ்நாளில் எடுப்பது 18,250 சீட்டுகள். அத்தனைக்குப் பின்னும் பெரும்பரிசு விழும் வாய்ப்பு ஏறத்தாழ 1,425இல் ஒன்றே. மறுபுறம், எழுத்து மட்டுமோ கடைசி இலக்கம் மட்டுமோ பொருந்தினால் சீட்டின் விலை திரும்பக் கிடைக்கும். அது பெரும்பாலும் இன்னொரு சீட்டாகவே கைமாறும். பத்து நாளில் ஒருநாள் கடைசி இலக்கம் பொருந்துவதால், பெரும்பரிசு எட்டாதது என்ற உணர்வு மங்கி, கிட்ட வந்து தவறியது என்ற உணர்வு நிலைக்கிறது. மிகச் சிறிய வாய்ப்புகளை மனிதர் அவற்றின் உண்மை அளவைவிடப் பெரிதாக மதிப்பர் என்பதை டானியேல் கானமன், ஏமஸ் துவேர்ஸ்கி என்ற உளவியலாளர் இருவர் 1979இல் கோட்பாடாகவே வகுத்தனர். அது படித்தவருக்கும் படியாதவருக்கும் பொதுவான மனப்போக்கு.

ஆயினும் கணக்கு தெரிந்தவரும் வாங்குகிறார். அதற்குக் காரணம் வேறு. மில்ட்டன் ஃபிறீட்மன், லெனாட் சவேஜ் ஆகியோர் 1948இல் எழுதிய கட்டுரை ஒன்று, ஒரே மனிதர் ஒருபுறம் காப்புறுதி எடுத்து ஆபத்தைத் தவிர்ப்பதும் மறுபுறம் லொத்தர் வாங்கி ஆபத்தை விலைக்கு வாங்குவதும் ஏன் என்று வினவியது. ஒருவரைத் தாம் இருக்கும் வாழ்க்கைப் படியிலேயே சற்று மேலே தூக்கும் பணத்தைவிட, அடுத்த படிக்கே ஏற்றிவிடும் பணம் அவருக்குப் பன்மடங்கு பெறுமதியுடையது என்பது அவர்களுடைய விடையின் சாரம். இவ்விடையை மட்டக்குளியின் நிலத்தில் வைத்துப் பார்த்தால் அது புத்தகப் பொருளியலாகத் தோன்றாது.

களனி கங்கை கடலில் கலக்கும் முனையில், காக்கைதீவுக் கடற்கரைக்கும் முகத்துவாரத்துக்கும் இடையில் கிடக்கும் இந்த ஊர், கொழும்பு 15 என்ற தபால் இலக்கத்துக்குள் வருவது. துறைமுகம், மீன்பிடி, புறக்கோட்டை மொத்தக் கடைகளின் நாட்டாமி வேலை, மேசன் வேலை, முச்சக்கரவண்டி, வீட்டுப் பணி ஆகியனவே இங்குள்ள வத்தைகளிலும் தொடர்மாடிகளிலும் வாழும் பலரின் பிழைப்பு. 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு கொழும்பில் கூடியபோது, நகரின் முகப்பிலிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகள் குடியேற்றப்பட்ட சமிட்புர இங்கேதான் இருக்கிறது. மாநாட்டின் பெயரே குடியிருப்பின் பெயராக நின்றுவிட்டது. 2001இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பொன்றின்படி கொழும்பு மாநகர எல்லைக்குள் வசதி குறைந்த குடியிருப்புகள் 1,614. அவற்றில் வாழ்ந்த குடும்பங்கள் 77,612. இலங்கை நகரத் துறைக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 2019இல் 116,670 ரூபா என்றும், பெருந்தோட்டத் துறைக் குடும்பத்தினது 46,865 ரூபா என்றும் அரச அளவீடு சொல்லும்போது, மட்டக்குளியின் வத்தைவாசி முதலாவது எண்ணுக்குள் எண்ணப்படுகிறார். அவருடைய வாழ்க்கை பெரும்பாலும் இரண்டாவது எண்ணுக்கே அருகில் நிற்கிறது.

இத்தகைய ஒரு குடும்பத்துக்கு வாழ்க்கைப் படியை மாற்றும் செலவுகள் எவை? உறுதியுடன் கூடிய ஒரு துண்டு நிலம், மகளின் சீதனம், மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப முகவருக்குக் கட்டும் பணம், சொந்தமாக ஒரு முச்சக்கரவண்டி. இவை ஒவ்வொன்றும் மொத்தமாகக் கொடுக்கவேண்டிய தொகைகள். 2023இல் ஒரு சீட்டின் விலையாகிவிட்ட நாற்பது ரூபாவை நாள்தோறும் சேமித்தால் ஆண்டுக்கு 14,600 ரூபா சேரும். அத்தொகை மேற்சொன்ன எதனையும் வாங்காது. அதற்கும் முன்பாகவே மழைக்காலத்தில் ஒழுகும் தகரத்துக்கோ, பிள்ளையின் காய்ச்சலுக்கோ, கேட்டுவந்த உறவினரின் செத்தவீட்டுக்கோ அது போய்விடும். கையில் ரொக்கம் இருப்பது அக்கம்பக்கம் அறிந்த இடத்தில், இல்லை என்று சொல்வது எளிதன்று. வங்கி பிணையின்றிக் கடன் தராது. நுண்கடன் நிறுவனம் தரும், ஆனால் கிழமைதோறும் வாசலுக்கு வந்து தவணையை எடுக்கும். பெண்கள் தம்முள் பிடிக்கும் மாதச் சீட்டு ஒன்றே மொத்தத் தொகையைக் கைக்குத் தரும் உள்ளூர் வழி. அதற்கும் மாதந்தோறும் தவறாத வருமானம் வேண்டும், நாட்சம்பளக்காரரிடம் அது இல்லை. இவ்வழிகள் எல்லாம் அடைபட்ட ஒருவர், பெரும்பாலும் தோற்பேன் என்று தெரிந்தே நாற்பது ரூபாவை வைக்கிறார் எனின், அவரை அறிவிலி என்பதைவிட, வேறு கதவுகள் பூட்டியிருப்பதைக் காண்பவர் என்பதே நேர்மையான விளக்கமாகும்.

தாம் பிறரைவிடத் தாழ்ந்திருக்கிறோம் என்ற உணர்வே சீட்டு வாங்கும் விருப்பத்தைத் தூண்டும் என்பதையும் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. எமிலி ஹெய்ஸ்லி, றொமல் முஸ்தபா, ஜோர்ஜ் லோவென்ஸ்ரைன் ஆகியோர் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரப் பேருந்து நிலையத்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட அவ்வாய்வில், பயணிகளிடம் ஒரு வினாக்கொத்து கொடுக்கப்பட்டது. வருமானத்தைக் குறிக்கும் கட்டங்கள் ஒரு குழுவினருக்குத் தாம் ஏழைகள் என்று தோன்றுமாறும், மற்றக் குழுவினருக்கு அவ்வாறு தோன்றாதவாறும் அமைக்கப்பட்டிருந்தன. தம்மை ஏழைகளாக உணரவைக்கப்பட்டவர்கள், மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு சீட்டுகளை வாங்கினர். சங்க மேடைகளில் ஏழ்மையைச் சுட்டிக்காட்டிக் கண்டிக்கும் பேச்சு, அது தடுக்க நினைக்கும் செயலையே வளர்க்கக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும் சங்கடமான முடிவு.

விலை மாறும்போது எந்தப் பிரிவினர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதைக் கவனிக்க இலங்கையில் இருமுறை வாய்ப்புக் கிட்டியது. 2017 ஜனவரியில் சீட்டின் விலை 20 ரூபாவிலிருந்து 30 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது முகவர்களும் விற்பனையாளர்களும் எதிர்த்து நின்றனர்; விலை பழைய நிலைக்குத் திரும்பியது. சீட்டு விற்பவருக்குத் தம் வாடிக்கையாளரின் சட்டைப்பையின் ஆழம் அமைச்சைவிட நன்றாகத் தெரியும் போலும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்ட நெருக்கடிக்குப் பின்னர், 2023 ஜூலையில் விலை 40 ரூபாவாயிற்று. இம்முறை அது நிலைத்தது. அதே ஜூலை மாதத்திலேயே அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவும் தொடங்கியது. அதில் வறியோர் என வகுக்கப்பட்ட குடும்பத்துக்கு அப்போது விதிக்கப்பட்ட உச்ச மாதத் தொகை 8,500 ரூபா. நாளுக்கொரு சீட்டு மாதத்துக்கு 1,200 ரூபா. அக்கொடுப்பனவில் அது 14 வீதம். அரசின் ஒரு கை கொடுத்ததில் ஏழில் ஒரு பங்கு, மறுகை விற்கும் சீட்டில் செலவாகக்கூடிய நிலை இது. விலை இரட்டித்தபோது ஒரு குடும்பம் சீட்டின் எண்ணிக்கையைக் காத்துப் பணத்தைக் கூட்டியதா, பணத்தைக் காத்து எண்ணிக்கையைக் குறைத்ததா என்பது, அக்குடும்பத்துக்கு லொத்தர் பொழுதுபோக்கா பிடிப்பா என்பதைக் காட்டும் நல்ல அடையாளம். இதனைக் கொழும்பிலுள்ள எந்த அலுவலகத்தைக் காட்டிலும் வத்தையிலுள்ளோரே எளிதில் அறிவர்.

பணம் எங்கே போகிறது என்பதும் லொத்தரின் பாரத்தில் உள்ள வேறுபாட்டின் மறுபாதி. மகாபொல, லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் உருவாகி, 1981இல் சட்டப்படி நிதியமாக அமைந்தது. குடும்ப வருமானமும் திறமையும் பார்த்துப் பல்கலைக்கழக மாணவருக்கு அது உதவுகிறது. ஜனாதிபதி நிதியம் சத்திரசிகிச்சை போன்ற பெருஞ்செலவு வைத்தியத்துக்கு உதவுகிறது. இரண்டும் நல்ல காரியங்கள். இம்மடல் அவற்றைக் குறைகூறவில்லை. ஆனால் மகாபொல கிடைப்பதற்கு முதலில் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவேண்டும். ஜனாதிபதி நிதியத்தின் உதவி கிடைப்பதற்கு விண்ணப்பமும் வைத்திய அறிக்கையும் அலைச்சலும் வேண்டும். சீட்டு வாங்குவதற்கோ நாற்பது ரூபா போதும். கொடுக்கும் வாசல் அகலமாகவும் பெறும் வாசல் ஒடுக்கமாகவும் இருக்கும் ஒரு நிதியில், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மக்களா என்ற வினா எழுவது இயல்பு. மட்டக்குளியின் பாடசாலைகளிலிருந்து ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் மகாபொல பெறுவோர் எத்தனை பேர் என்பதை அதிபர்களிடம் கேட்டறிவது சங்கத்தாருக்கு ஒரு கிழமை வேலை.

தடைசெய்துவிட்டால் தொல்லை தீரும் என்ற கருத்தும் அவ்வப்போது எழுவதுண்டு. தமிழ்நாட்டில் அண்ணாதுரை அரசு 1968இல் பரிசுச்சீட்டைத் தொடங்கியது; விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற அதன் விளம்பர வாசகம் கடல் கடந்தும் அறியப்பட்டது. 1975இல் கருணாநிதி அரசு அதனை நிறுத்தியது, எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது மீண்டும் வந்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடைசெய்தது. கூலித் தொழிலாளரின் குடும்பங்கள் அதனால் ஆறுதல் அடைந்தன என்பதை மறுக்கவேண்டியதில்லை. எனினும் மூன்று இலக்க லாட்டரி என்ற பெயரில் கள்ள விற்பனை அங்கு தொடர்வதையும், அதற்காகப் பொலிசார் ஆட்களைப் பிடிப்பதையும் நாளிதழ்கள் இன்றும் எழுதிக்கொண்டிருக்கின்றன. அண்டைக் கேரளமோ 1967இல் தொடங்கிய அரச லாட்டரியை இன்றுவரை நடத்துகிறது. மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் அங்கு அதனை விற்றுப் பிழைக்கின்றனர். இலங்கையிலும் சைக்கிளில் பலகை கட்டியும், சந்தியில் சிறு கூடு போட்டும் விற்பவர்களுள் வேறு வேலை செய்ய இயலாதவர் பலர். வாங்குபவரும் விற்பவரும் ஒரே வத்தையிலிருந்து வரும் வியாபாரத்தை ஒரே வெட்டில் நிறுத்தச் சொல்வது, அவ்விருவருள் ஒருவரின் அடுப்பை அணைப்பதாகும்.

இனி வேண்டுகோள். சீட்டு ரொக்கத்துக்கு விற்கப்படுவது. வாங்குபவரின் பெயரோ தொழிலோ வருமானமோ எங்கும் பதிவாவதில்லை. அதனால் எந்தப் பிரிவினர் எவ்வளவு சுமக்கின்றனர் என்பதை விற்பனைக் கணக்கிலிருந்து அறிய முடியாது. ஆட்களைக் கேட்டே அறியவேண்டும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தின் லொத்தர்ச் சட்டம் இதனைக் கடமையாகவே விதித்திருக்கிறது: இரண்டாண்டுக்கு ஒருமுறை சுயாதீனமான ஆய்வு நிறுவனம் ஒன்றைக் கொண்டு, லொத்தர் வாங்குவோரின் வருமானம், வயது, பால், இனம், கல்வி, எத்தனை முறை வாங்குகின்றனர் என்பவற்றை ஆராயவேண்டும் என்பது அங்குள்ள விதி. லொத்தரை நடத்தும் அரசே, அதன் பாரம் எவர்மீது விழுகிறது என்பதையும் கணக்கிட்டுக் காட்டவேண்டும் என்ற அந்த நியாயம் இலங்கைக்கும் பொருந்தும். இரு லொத்தர் சபைகளும் அவ்வாறானதோர் ஆய்வைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை நடத்தி, மும்மொழியிலும் வெளியிடவேண்டும் என்று மட்டக்குளிச் சங்கங்கள் கூட்டாக எழுத்தில் கேட்பது பொருத்தமானது. வெறுங்கையோடு கேட்பதைவிட, தம் ஊர்க் கணக்கை முன்வைத்துக் கேட்டால் அக்கோரிக்கைக்குக் கனம் கூடும்.

மரண உதவிச் சங்கத்திடம் ஏற்கெனவே வீடுவாரியான அங்கத்தவர் பதிவு இருப்பதால், அக்கணக்கெடுப்புக்கு மேலதிகச் செலவு அதிகமில்லை. ஆனால் சில நுணுக்கங்கள் கவனிக்கப்படவேண்டும். லொத்தருக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று பொதுவாகக் கேட்டால் எவரும் குறைத்தே சொல்வர். சென்ற ஏழு நாளில் ஒவ்வொரு நாளும் எத்தனை சீட்டு என்று கேட்பதே நினைவுக்கும் உண்மைக்கும் அருகில் வரும். பகலில் வீட்டிலிருக்கும் பெண்ணிடம் மட்டும் கேட்டால் கணவர் சந்தியில் வாங்கியது தப்பிவிடும். கணவரை மனைவியின் முன்னிலையில் கேட்டாலும் தப்பிவிடும். ஆதலால் இருவரையும் தனித்தனியே கேட்கவேண்டும். கேட்பவர் அதே வத்தையைச் சேர்ந்தவராக இல்லாதிருப்பது நன்று. விழுந்த சிறு பரிசில் மறுபடி எடுத்த சீட்டைச் செலவாகச் சேர்ப்பதா விடுவதா என்பதை முன்னரே தீர்மானித்து, எல்லா வீடுகளிலும் ஒரே முறையைக் கைக்கொள்ளவேண்டும். பெயரும் வீட்டிலக்கமும் தாளில் எழுதப்படலாகாது. தொழில், வயது, படித்த வகுப்பு, வருமானம் நாட்சம்பளமா மாதச் சம்பளமா என்பன போதும். புக்கிக்குப் போகும் பணத்தைத் தனி வரியில் எழுதவேண்டும், ஏனெனில் அது வேறு பழக்கம், வேறு ஆட்கள். நாட்சம்பளக்காரரின் கையில் பணம் புழங்கும் காலமும் வற்றும் காலமும் ஒன்றல்லவாதலால், தீபாவளி, நத்தார், புதுவருடம், நோன்புப் பெருநாள் ஆகியவற்றுக்கு முந்திய கிழமைகளைத் தவிர்த்து, மீன் வரத்துள்ள ஒரு மாதத்திலும் கடல் கொந்தளித்து வள்ளங்கள் இறங்காத ஒரு மாதத்திலும் இருமுறை எடுப்பது அவசியம். இரண்டாம் முறையில், வருமானம் விழுந்த வீடுகளில் சீட்டின் எண்ணிக்கை குறைந்ததா கூடியதா என்பதைத் தனியாகக் கூட்டிப் பார்க்கவேண்டும். லொத்தர் சபைகளுக்கு அனுப்பும் கடிதத்தில் முதலில் இடம்பெறவேண்டிய எண் அதுவே.